வாழைத்தண்டில் பற்றும் நெருப்பு

நம் சனிக்கிழமைக் கூட்டத்துத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

போன வாரம் தியானம் முடிந்து விளக்கை மலையேற்றுவதற்கு முன்பே பேச்சு சூடுபிடித்துவிட்டது. அடுத்த மாதம் மூன்று நாள் சக்திபாத முகாமுக்கு எல்லோருமாகப் போவது, வேன் பிடிப்பது, முன்பணம் யார் கட்டுவது என்று கணக்குப் போட்டீர்கள். "அக்கா, நீங்களும் வரணும், நீங்க வந்தாத்தான் வீட்டுல விடுவாங்க" என்று என்னையும் இழுத்தீர்கள். நான் ஒன்றும் சொல்லாமல் ஜமுக்காளத்தை மடித்துக்கொண்டிருந்தேன். அதைச் சம்மதம் என்று நினைத்துவிட வேண்டாம் என்பதற்காகத்தான் இந்த மடல்.

இன்னொரு காரணமும் உண்டு. ஏற்கெனவே உங்களில் ஐந்து பேர் ஒருநாள் நிகழ்ச்சிக்குப் போய் வந்திருக்கிறீர்கள். அதைப் பற்றித்தான் அன்று பேச்சு. ஒருவருக்கு முதுகுத்தண்டில் சூடு ஏறியதாம். ஒருவருக்குப் புருவ மத்தியில் நீல வெளிச்சம். இன்னொருவர் அரைமணி நேரம் அழுதாராம். "உனக்கு ஏறிச்சா?" என்று நம் கூட்டத்தில் மிகச் சிறியவளைக் கேட்டீர்கள். அவள் சிரித்து மழுப்பினாள். பிறகு மாடிப்படியில் செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்தபடியே என்னிடம், "எனக்கு மட்டும் ஒண்ணுமே ஆகலக்கா. எனக்கு அந்தத் தகுதி இல்லையா?" என்றாள். குரல் உடைந்திருந்தது. அவளுக்கு அப்போது பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குருவிடமிருந்து சீடனுக்கு ஏதோ ஒன்று போய்ச் சேர்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. மனமார நம்புகிறேன். நம்பாவிட்டால் முப்பது வருடமாக விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்திருக்க மாட்டேன். நீங்கள் தேடுவதிலும் தப்பில்லை. அதைத் தேடுகிற இடமும், அளக்கிற படியும்தான் எனக்குச் சரியாகப் படவில்லை.

'சக்திபாதம்' என்று நீங்கள் சொல்லும் வார்த்தை நம் சைவ சித்தாந்தத்தில் 'சத்திநிபாதம்' என்று வழங்குகிறது. நிபாதம் என்றால் நன்றாக விழுதல். பழைய உரைகாரர்கள் இதற்கு ஓர் உவமை சொல்வார்கள். ஆட்கள் கூடி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் திடீரென்று ஒரு கல் வந்து விழுகிறது. என்ன ஆகும்? அத்தனை பேரும் பதறி எழுந்து ஓடுவார்கள். அதுபோல உலக வாழ்க்கை என்ற கூட்டத்தில் சுகமாக உட்கார்ந்திருந்த உயிரின் நடுவே அருள் வந்து விழுகிறது. உயிர் அங்கே இருக்கப் பிடிக்காமல் எழுந்து, குருவைத் தேடி ஓடுகிறது.

இந்த வரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சித்தாந்தம் சொல்கிற முறை இது. நல்வினை, தீவினை இரண்டின் பயனையும் உயிர் ஒன்றுபோலப் பார்க்கத் தொடங்குவது இருவினையொப்பு. உயிரை மறைத்திருக்கும் மலம் பக்குவப்படுவது மலபரிபாகம். அப்போது அருள் பதிவது சத்திநிபாதம். அதற்குப் பிறகுதான் குரு வருகிறார், தீட்சை தருகிறார். அதாவது, சத்திநிபாதம் குரு கையால் நெற்றியில் தொட்டு ஏற்றுகிற சமாசாரம் அல்ல. உன்னை அந்தக் குருவின் வாசலுக்கே கொண்டு வந்து நிறுத்துகிறதே, அதுதான் அது. குரு செய்வது தீட்சை. வேறு சில மரபுகளில் குருவின் தீட்சையையே சக்திபாதம் என்கிறார்கள். அது அவர்கள் வழக்கு, அதில் குற்றமில்லை. ஆனால் நம் பெரியவர்கள் இரண்டையும் பிரித்து வைத்ததில் ஒரு பெரிய கருணை இருக்கிறது. மாடிப்படியில் அழுதவளுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். உன் வயதுப் பெண்கள் சனிக்கிழமை மாலையை எப்படியெல்லாமோ கழிக்கிறார்கள். நீ இரண்டு பஸ் மாறி வந்து எங்களோடு கண்ணை மூடி உட்காருகிறாய், ஒன்றும் ஆகவில்லையே என்று அழுகிறாய். உன் நடுவில் கல் விழவில்லை என்றா நினைக்கிறாய்? விழுந்ததனால்தானே எழுந்து ஓடி வந்தாய்!

அருள் எல்லோரிடத்திலும் ஒரே வேகத்தில் பற்றுவதில்லை என்பதும் நம் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று நான்காகச் சொன்னார்கள். வாழைத்தண்டு, பச்சை விறகு, உலர்ந்த விறகு, பஞ்சு என்று உவமை. நெருப்பு ஒன்றுதான். வாழைத்தண்டில் வைத்தால் புகை கூட வராததுபோலத் தோன்றும். பஞ்சில் வைத்தால் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். காஷ்மீர சைவத்தில் அபிநவகுப்தர் தந்திராலோகத்தில் இதையே இன்னும் நுணுக்கி ஒன்பது படிகளாக்கினார். வடகோடியிலும் தென்கோடியிலும் இரண்டு மரபுகள் ஒரே விஷயத்தில் இத்தனை படிகள் வைத்திருக்கின்றன என்றால், அனுபவம் ஒருவருக்கொருவர் மாறுபடும் என்பதை எவ்வளவு கவனித்திருக்க வேண்டும்!

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. இந்த நான்கு படிகளையும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு நெறிகளோடு இணைத்துச் சொல்வார்கள். மந்ததரம் பெற்றவர் சரியைக்கு வருவார். சரியை என்றால் கோயிலைக் கூட்டுவது, மெழுகுவது, பூப்பறித்துத் தொடுப்பது, விளக்கேற்றுவது. அப்படியென்றால் விடிகாலையில் திருவலகு பிடித்துப் பிராகாரம் கூட்டுகிற அந்தப் பாட்டியின் மேல் அருள் ஏற்கெனவே விழுந்தாயிற்று! அவருக்கு முதுகுத்தண்டில் சூடு ஏறியதா என்று யாரும் கேட்பதில்லை. வாழைத்தண்டு என்பது ஏளனமான பேச்சு அல்ல. அதிலும் நெருப்பு வைத்தாயிற்று என்பதுதான் பேச்சு.

இனி என் கதை. உங்களிடம் இதுவரை சொன்னதில்லை.

எனக்கு இருபத்து நான்கு வயது. பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தோழி ஒருத்தியோடு ஒரு மலையூரில் நடந்த முகாமுக்குப் போனேன். நடத்தியவர் பெயர் வேண்டாம். அவர் இப்போது இல்லை, அவர் எண்ணத்தைப் பழிக்கவும் எனக்கு மனமில்லை. பெரிய கொட்டகை. முந்நூறு பேருக்குக் குறையாது. இரண்டாம் நாள் மாலை விளக்குகளை அணைத்துவிட்டு, வரிசை வரிசையாக வந்து ஒவ்வொருவர் நெற்றியிலும் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். சந்தன வாசனை வந்தது. அவ்வளவுதான் தெரியும். என் உடம்பு தூக்கிப் போட்டது. பல் கிட்டியது. கண்ணீர் கொட்டியது. எதற்கென்றே தெரியாத ஓர் ஆனந்தம். அது பொய்யில்லை. இன்றைக்கும் அதைப் பொய் என்று சொல்லமாட்டேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு தூக்கம் போய்விட்டது. படுத்தால் அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பும், கால் உதறும், எழுந்து உட்கார்ந்துவிடுவேன். வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கை நடுங்கிச் சாக்பீஸ் விழும். பிள்ளைகள் எடுத்துக் கொடுப்பார்கள். நானோ எனக்கு என்னமோ ஞானம் வந்துவிட்டது என்று நினைத்து இன்னும் அதிக நேரம் தியானத்தில் உட்கார்ந்தேன். அது இன்னும் மோசமாக்கியது. முகாமுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். அடுத்த முகாமுக்கான அச்சடித்த அழைப்பு வந்தது, கட்டண விவரத்தோடு. பதில் வரவில்லை.

என்னைக் காப்பாற்றியவர்கள் இரண்டு பேர். அப்பா என்னை டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் தூக்கத்துக்கு மருந்து கொடுத்தார், கொஞ்ச காலம் அவர் மேற்பார்வையில் இருந்தேன். இன்னொருவர் எங்கள் தெருவில் இருந்த வயதான ஓதுவார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் ஆச்சரியப்படவும் இல்லை, பயமுறுத்தவும் இல்லை. "கண்ணை மூடி உட்காருவதை நிறுத்தும்மா. தயிர்சாதம் சாப்பிடு. எண்ணெய் தேய்த்துக் குளி. நாளையிலிருந்து விடிகாலையில் நந்தவனத்துக்கு வா, பூப்பறிக்க ஆள் இல்லை" என்றார். மூன்று மாதம் பூப்பறித்தேன். நந்தியாவட்டையும் செவ்வரளியும். ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று, கூடை நிறைகிற வரைக்கும் வேறு நினைப்பில்லை. தூக்கம் திரும்பி வந்தது. எனக்கு நடந்தது யோகப் பதத்துக்குப் பாய்ந்துவிட்டு, சரியைக்கு இறங்கி வந்து மூச்சு வாங்கியது என்று பல வருடம் கழித்துத்தான் புரிந்தது.

உங்களில் யாருக்காவது அந்த ஒருநாள் நிகழ்ச்சிக்குப் பிறகு தூக்கம் கெட்டிருந்தாலோ, காரணமில்லாமல் பயம் வந்தாலோ, தனக்கு மட்டும் ஏதோ கட்டளை கேட்கிறது என்று தோன்றினாலோ, அதைச் சக்தி வேலை செய்கிற 'கிரியா' என்று சொல்லி மூடி வைக்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள். டாக்டரிடம் போங்கள். அது பக்திக் குறைவு ஆகாது.

தொட்டதும் நடந்துவிட்டது என்று சொல்லப்படும் பெரிய கதைகளையும் நாம் பாதிதான் கேட்கிறோம். தட்சிணேசுவரத்தில், பின்னாளில் விவேகானந்தரான நரேந்திரனைப் பரமஹம்சர் காலால் தொட்டதும் சுவர்களெல்லாம் சுழன்று, எல்லாம் மறைவதுபோல ஆகி, "எனக்கு வீட்டில் அப்பா அம்மா இருக்கிறார்கள்" என்று அந்தப் பையன் அலறினார். இது எல்லோருக்கும் தெரியும். உடனே பரமஹம்சர் சிரித்து, மார்பில் கை வைத்து அதை அடக்கி, இப்போதைக்குப் போதும், காலம் வரும்போது வரட்டும் என்று விட்டதை எத்தனை பேர் சொல்கிறார்கள்? தொட்டவருக்கு நிறுத்தவும் தெரிந்திருந்தது. பயந்த பிள்ளையைப் பயந்தபடியே வேனில் ஏற்றி அனுப்பவில்லை.

அதைவிட முக்கியமான சம்பவம் காசிப்பூர் தோட்ட வீட்டில் நடந்தது. 1886 மார்ச், சிவராத்திரி. பரமஹம்சர் தொண்டைப் புற்றுநோயோடு மாடியில் படுத்திருக்கிறார். கீழே இளைஞர்கள் ஜபத்தில் இருக்கிறார்கள். நரேந்திரனுக்குத் தன்னிடம் ஒரு சக்தி திரண்டிருப்பதாகத் தோன்றுகிறது. பிற்காலத்தில் அபேதானந்தர் ஆன காளியிடம், நான் தியானத்தில் இருக்கும்போது என் முழங்காலைத் தொட்டுக்கொண்டிரு என்கிறார். காளியின் கை, மின்சாரம் பாய்ந்ததுபோல நடுங்குகிறது. வேலை செய்தது என்றுதான் நாம் நினைப்போம். பரமஹம்சர் நரேந்திரனை மேலே கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். சேர்ப்பதற்கு முன்பே செலவழிக்கத் தொடங்கிவிட்டாயா என்று கேட்டார். அது மட்டுமில்லை. காளி தன் போக்கில் ஒரு பாவனையில் முன்னேறிக்கொண்டிருந்தான், உன் பாவனையை அவனுக்குள் புகுத்தி அதைக் கெடுத்துவிட்டாய், ஆறு மாதக் கர்ப்பம் கலைந்தாற்போல ஆகிவிட்டது என்றார்.

நடுக்கம் உண்மை. சக்தி உண்மை. கொடுத்தவர் விவேகானந்தர். அப்படியிருந்தும் குரு அதைக் கேடு என்றார். ஏன்? வாங்குகிறவனின் பாதை எது என்று பார்க்காமல் கொடுத்ததால். ஒரு கொட்டகையில் முந்நூறு பேர் நெற்றியில் வரிசையாக விரல் வைக்கிறவர் யாருடைய பாதையை விசாரித்திருப்பார்? நான் பக்தியில் போகிறவளா, விசாரத்தில் போகிறவளா, வீட்டில் யார் யார், எனக்கு என்ன பயம் என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர்.

முக்தானந்தரின் கதையையும் பாதிதான் கேட்கிறோம். 1947 ஆகஸ்ட் 15, நாடு விடுதலை பெற்ற அதே நாளில், கணேஷ்புரியில் பகவான் நித்தியானந்தர் அவருக்கு அருள் பாய்ச்சினார். அந்த ஒரு காலைப்பொழுதைத்தான் முகாம்களில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அவர் சாதனையில் கிடந்ததை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். அந்த ஒன்பது வருடத்தில் பயமும் குழப்பமும் என்னென்ன வந்தன என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

ரமணர் விஷயம் எனக்கு எப்போதும் கண்ணில் நீர் வரவைப்பது. அவர் யாருக்கும் சடங்காகத் தீட்சை கொடுத்ததில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார், பார்த்தார், அவ்வளவே. ஆனால் 1922 மே 19ஆம் தேதி, தாயார் அழகம்மாளின் கடைசி நாளில், வலக்கையை அவர் மார்பின் மேலும் இடக்கையைத் தலையின் மேலும் வைத்தபடி மணிக்கணக்காகப் பக்கத்தில் இருந்தார். உயிர் முற்றிலும் உள்ளே ஒடுங்கிய பிறகும் உடனே கையை எடுக்கவில்லை. காரணம், அதற்கு முன்பு, பல வருடம் தம்மோடு இருந்த பழனிசாமியின் முடிவில் அப்படிச் செய்தபோது, ஆயிற்று என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டார். அந்தக் கணத்தில் பழனிசாமியின் கண்கள் திறந்துவிட்டன. உயிர் அந்த வழியாகப் போய்விட்டது என்று ரமணரே பிறகு சொன்னார். நான் இதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பகவானின் கை. வருடக்கணக்காகக் கூடவே இருந்த தொண்டர். அங்கும் தொட்டது போதவில்லை, கொஞ்ச நேரம் குறைந்துவிட்டது. அதை மறைக்காமல் சொன்னார். அடுத்த முறை கையை எடுக்காமல் காத்திருந்தார்.

தொடுகிறவர் எவ்வளவு நேரம் கையை எடுக்காமல் இருப்பார் என்பதுதான் கேள்வி, தம்பிகளே. நம் மரபில் தீட்சை கொடுக்கிறவர் மேல் எவ்வளவு பெரிய பாரம் சுமத்தியிருக்கிறார்கள் தெரியுமா? நயனம், பரிசம், வாசகம், மானசம், சாத்திரம், யோகம், ஔத்திரி என்று தீட்சை ஏழு வகை. மீன் தன் முட்டைகளைப் பார்த்துப் பார்த்தே குஞ்சாக்கும் என்பார்கள், அதுபோல நயன தீட்சை. பறவை அடைகாப்பதுபோலப் பரிச தீட்சை. கரையில் முட்டையிட்டுவிட்டுத் தண்ணீரில் இருக்கும் ஆமை நினைத்துக்கொண்டே இருப்பதுபோல மானச தீட்சை. மூன்று உவமையும் தாயின் உவமை என்பதைக் கவனித்தீர்களா? மின்சாரம் பாய்ச்சுவதுபோல என்று அவர்கள் சொல்லவில்லை. அடைகாப்பதற்கு நாள் கணக்கு உண்டு. கோழி ஒரு நொடி முட்டையைத் தொட்டுவிட்டுப் போவதில்லை. இருபத்தொரு நாள் இரை தேடப் போவதைக்கூடச் சுருக்கிக்கொண்டு அதன் மேலேயே கிடக்கும்.

எனக்கு முப்பத்தொரு வயதில், அந்த ஓதுவார் சொல்லி, வயது முதிர்ந்த ஒரு தேசிகரிடம் சமய தீட்சை பெற்றேன். தை மாதக் காலை. சாணம் மெழுகிய தரையில் கும்பம், ஓமகுண்டம். ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்ததில் குளிர்தான் அதிகம் தெரிந்தது. வெள்ளைத் துணியால் கண்ணைக் கட்டி, கையில் பூவைக் கொடுத்து, நடத்திக்கொண்டு போய் இறைவன் திருமுன் தூவச் சொன்னார். கட்டை அவிழ்த்தார். பிறகு நாடிசந்தானம். தருப்பைக் கயிற்றின் ஒரு நுனி என்னிடம், மறு நுனி அவரிடம். அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் எதிர்பார்த்தேன், உண்மையைச் சொல்கிறேன், மலையூரில் நடந்ததுபோல ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்தேன். தருப்பையின் சொரசொரப்பு உள்ளங்கையில் உறுத்தியது. ஓமப்புகையில் கண் எரிந்தது. வேறு ஒன்றும் இல்லை. தலையில் கை வைத்தார். கனமான, சூடான, சுருக்கம் விழுந்த கை. ஐந்தெழுத்தைக் காதில் சொன்னார். முடிந்தது.

வெளியே வந்து விழுந்து கும்பிட்டபோது அவர் சொன்னது: "இனி நீ வழுவினால் அதில் எனக்கும் பங்கு உண்டும்மா. அதனால் வழுவாதே."

அதற்குப் பிறகு பதினொரு வருடம், அவர் காலமாகிற வரைக்கும், மாதம் ஒரு போஸ்ட் கார்டு வரும். நீல மை. நடுங்கிய எழுத்து. பெரிய உபதேசமெல்லாம் இருக்காது. அனுட்டானம் நடக்கிறதா, மாமியார் உடம்பு தேவலையா, பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதில்லையே, இவ்வளவுதான். ஒரு முறை நான் மூன்று மாதம் பதில் போடாமல் இருந்தேன். அனுட்டானம் விட்டுப்போயிருந்தது, எழுத வெட்கம். எழுபது வயதைத் தாண்டியவர், பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. மோர் வாங்கிக் குடித்தார், என் பூசை இடத்தைப் பார்த்தார், காய்ந்து கிடந்த பூவை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுப்பூ வைத்தார், கிளம்பிவிட்டார். அன்றைக்கு எனக்குள் ஏதோ இறங்கியது. தருப்பைக் கயிற்றின் மறு நுனியை அவர் விடவே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. தீட்சை நடந்த அன்று தெரியாதது, நாலு வருடம் கழித்து, மோர் குடித்த டம்ளரை அவர் கீழே வைத்தபோது தெரிந்தது.

சீடன் பக்கத்துப் பாரமும் உண்டு. அருணந்தி சிவாசாரியார் கதையை ஒருமுறை படித்துக் காட்டினேன், நினைவிருக்கும். சகலாகம பண்டிதர் என்று பெயர். மெய்கண்டாரின் குடும்பத்துக்கே குலகுரு. சின்னப் பிள்ளை பாடம் சொல்கிறானாமே என்று திருவெண்ணெய்நல்லூருக்கு வந்து, ஆணவ மலத்தின் சொரூபம் என்ன என்று கேட்டார். மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. நின்றுகொண்டிருந்த அவரை ஏற இறங்கப் பார்த்தார். நீ நிற்கிற இந்த நிலைதான் அது என்று அந்தப் பார்வை சொல்லிவிட்டது. பெரியவர் அங்கேயே காலில் விழுந்தார். இதை நயன தீட்சை என்பார்கள். அங்கே வெளிச்சம் தெரியவில்லை, உடம்பு ஆடவில்லை. அருணந்தியாருக்கு வெட்கம் வந்தது. ஒரு வாழ்நாள் படிப்பை இறக்கி வைத்துவிட்டு ஒரு சிறுவனின் மாணவரானார். பிறகு சிவஞான சித்தியாரை எழுதினார். குருவின் பார்வை நம் மேல் பட்டதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், என்ன தெரிந்தது என்று கேட்காதீர்கள். நம்மிடமிருந்து எது இறங்கியது என்று பாருங்கள். போன சனிக்கிழமை சூடு ஏறியவருக்கும் வெளிச்சம் தெரிந்தவருக்கும் தங்கள் அனுபவத்தைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது. ஒன்றும் தெரியாதவள்தான் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்கு அப்படித்தான் தோன்றியது.

ஆவுடையார்கோயிலுக்கு நாம் ஒருமுறை சேர்ந்து போகவேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஆசை. மாணிக்கவாசகருக்குக் குருந்த மரத்தடியில் குரு கிடைத்த திருப்பெருந்துறை அதுதான். பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொண்டுபோன பணமும் பதவியும் அங்கேயே மறந்துபோயின. குருசீட உறவுக்கு அதற்கு மேல் ஒரு தலம் தமிழ்நாட்டில் இல்லை என்பேன். அங்கே கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடை மட்டும்தான். நந்தியும் இல்லை. புழுங்கலரிசிச் சோற்றை வடித்துச் சுடச்சுடக் கொண்டுவந்து படைகல்லில் கொட்டுவார்கள். கீரையும் பாகற்காயும் உண்டு. அந்த ஆவிதான் நிவேதனம். ஆவி மேலே எழும், கொஞ்ச நேரம் நிற்கும், கலைந்துவிடும். கையில் பிடிக்கவும் முடியாது, போட்டோ எடுக்கவும் முடியாது. சோறு மட்டும் அப்படியே கிடக்கும், பசித்தவன் சாப்பிட. அந்த இடத்தில் நின்றபோதுதான், மலையூரில் எனக்குக் கிடைத்த நடுக்கத்தைப் பற்றி முதல் முறையாக எனக்கு வருத்தமோ பெருமையோ இல்லாமல் போயிற்று.

முகாமுக்குப் போகாதீர்கள் என்று நான் தடுக்கப்போவதில்லை. நீங்கள் வளர்ந்த பிள்ளைகள். பணம் கட்டுவதற்கு முன் சிலதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொடுகிறவர் உங்களை ஒரு தடவையாவது தனியாக உட்கார வைத்துப் பேசுவாரா? ஆறு மாதம் கழித்து இரவு தூக்கம் வராமல் நீங்கள் போன் செய்தால் எடுக்கப்போவது யார்? அவருக்கு யார் கொடுத்தது, அவரிடம் அந்தக் குரு எத்தனை வருடம் வேலை வாங்கினார்? பெண் பிள்ளைகள் இன்னொன்றும் கேளுங்கள். தனி அறை, மூடிய கதவு, வீட்டில் சொல்லக்கூடாத ரகசியம் என்று எந்தக் கட்டத்திலாவது பேச்சு வந்தால், செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே வந்துவிடுங்கள். குருவருளுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வரவில்லை. அந்த மூன்று நாளில் ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு வேலை இருக்கிறது. கும்பகோணத்திலிருந்து கொஞ்ச தூரம்தானே நல்லூர். அப்பர் பெருமானின் தலையில் இறைவன் திருவடி சூட்டிய தலம். அதன் நினைவாக இன்றும் அங்கே பெருமாள் கோயில்போலச் சடாரி வைப்பார்கள், சிவன் கோயிலில்! வாழ்நாளெல்லாம் உழவாரம் பிடித்துப் புல் செதுக்கிய கிழவரின் தலையில்தான் அந்தத் திருவடி வந்து உட்கார்ந்தது. அங்கே பிராகாரத்தில் புல் மண்டிக் கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். நாலு பேர் இருந்தால் மதியத்துக்குள் செதுக்கிவிடலாம். மண்வெட்டி என்னிடம் இரண்டு இருக்கிறது, கூடை வேண்டும். காலை ஆறு மணி பஸ்.

மாடிப்படியில் அழுதவளுக்கு: உன் செருப்பு வார் அறுந்திருந்ததைப் பார்த்தேன், தைத்து வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை ஜமுக்காளம் விரிப்பதும் விளக்குக்குத் திரி போடுவதும் உன் முறை. கொஞ்சம் சீக்கிரம் வா.

அன்புடன்,
உங்கள் அக்கா